2012 எம்.வி.பி.: கப்ரேராவா, ட்ரௌட்டா? இன்னும் தீராத பஞ்சாயத்து

ட்ராய் டைகர்

நேற்று வேறொரு திரியில் யாரோ போகிற போக்கில், "2012-இல் கப்ரேராவுக்கு எம்.வி.பி. கொடுத்தது அநியாயம்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பேஸ்பாலில் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருதுதான் எம்.வி.பி. அங்கே பதில் போட்டால் திரி திசைமாறிவிடும், அதனால் இங்கே தனியாக.

டெட்ராய்ட் டைகர்ஸின் மிகெல் கப்ரேரா அந்த ஆண்டு .330 பேட்டிங் சராசரி, 44 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி), 139 ஆர்.பி.ஐ. கடைசியாகச் சொன்னது, அவருடைய அடியால் வந்து சேர்ந்த ரன்கள். மூன்றிலும் அமெரிக்கன் லீகில் அவர்தான் முதல். இதற்குப் பெயர் ட்ரிபிள் கிரௌன், அதாவது மூன்று கிரீடம். அதற்கு முன் இதைச் செய்தவர் 1967-இல் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. நடுவில் 45 ஆண்டுகள், ஒருத்தர் இல்லை. சீசனின் கடைசி ஆட்டம் கேன்சஸ் சிட்டியில். நாலாவது இன்னிங்ஸில் கப்ரேராவை வெளியே அழைத்தபோது எதிரணி ஊர்க்காரர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஆனால் கணக்கு வாத்தியார்கள் "வார்" என்று ஒன்றைக் கொண்டுவந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸின் இருபது வயதுப் பையன் மைக் ட்ரௌட்டுக்குப் பத்துக்கு மேல், கப்ரேராவுக்கு ஏழுதான் என்றார்கள். அந்தப் பத்தை யாராவது கையால் போட்டுக் காட்டுங்கள், நான் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். ஓட்டுப் போட்ட 28 எழுத்தாளர்களில் 22 பேர் கப்ரேராவைத்தான் முதலில் எழுதினார்கள். அத்தனை பேருமா முட்டாள்கள்?

எண்கணக்கன்

முட்டாள்கள் இல்லை. பழைய பழக்கத்துக்கு அடிமைகள்.

அந்த ஆண்டு அதே லீகில் ஜோஷ் ஹாமில்டனும் கர்ட்டிஸ் கிராண்டர்சனும் ஆளுக்கு 43 ஹோம் ரன். இவர்களில் ஒருவர் இன்னும் இரண்டே இரண்டு அடித்திருந்தால் கிரீடம் போச்சு. கப்ரேரா ஆடிய ஆட்டத்தில் ஒரு பந்துகூட மாறியிருக்காது, ஆனால் அவர் திடீரென்று சாதாரண ஆளாகிவிடுவாரா? (இரண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதலிடத்தில் சமநிலை என்றாலும் கிரீடம் செல்லும். யாஸ்ட்ரெம்ஸ்கியே தன் 44 ஹோம் ரன்னை ஹார்மன் கில்லிப்ரூவோடு பங்கு போட்டவர்தான்.)

அடுத்து ஆர்.பி.ஐ. முன்னால் பேஸில், அதாவது ரன்னுக்கு ஓடும் வழியிலுள்ள நிறுத்தத்தில், ஆள் நின்றால்தானே அடித்து வரவழைக்க முடியும்? கப்ரேராவுக்கு முன்னால் .377 விகிதத்தில் பேஸ் ஏறிக்கொண்டிருந்தவர் ஆஸ்டின் ஜாக்சன். ட்ரௌட் முதல் ஆளாக பேட் பிடித்தவர். ஆட்டத்தின் முதல் பந்தில் அவருக்கு முன்னால் யார் நிற்பார்? அவருக்கு 83 ஆர்.பி.ஐ. என்பதே பெரிய விஷயம். அதே சமயம் அவரே ஓடி எடுத்த ரன் 129, லீகிலேயே அதிகம்.

நேற்று வந்தவள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த விளையாட்டுக்குப் புதுசு. வார் என்றால் என்ன என்று யாராவது ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

வறுத்த கடலை

பெயரிலேயே இருக்கிறதே அக்கா, போர். இந்தத் திரி மாதிரி.

எண்கணக்கன்

சொல்கிறேன். ஓர் ஆட்டக்காரர் நாளைக்கே கால் சுளுக்கிப் படுத்துவிட்டார் என்று வையுங்கள். அணி என்ன செய்யும்? கீழ்நிலை லீகிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒருவரைக் கூப்பிடும். அந்த மாற்று ஆளைவிட நம்ம ஆள் எத்தனை வெற்றியைக் கூடுதலாகத் தந்தார் என்பதுதான் வார். அடித்தது, ஓடியது, பிடித்தது எல்லாவற்றையும் முதலில் ரன்னாக மாற்றுவார்கள். ஏறக்குறைய பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி. முழு அணியும் மாற்று ஆட்களே என்றால் 162 ஆட்டத்தில் 48 வாக்கில் ஜெயிக்கும் என்று கணக்கு.

இப்போது ட்ராய் அண்ணனுக்கு. கையால் போடச் சொன்னீர்களே, பாதியைப் போடுகிறேன். ட்ரௌட் 49 பேஸ் திருடினார் (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), 5 முறைதான் மாட்டினார். ஒரு திருட்டுக்குச் சுமார் 0.2 ரன் லாபம், மாட்டினால் 0.4 நட்டம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 8 ரன். கப்ரேரா தரையோடு அடித்து டபுள் ப்ளேயில், அதாவது இரண்டு அவுட்டாக, முடிந்தது 28 முறை, ட்ரௌட் 7 முறை. வித்தியாசம் 21. ஒவ்வொன்றுக்கும் 0.4 ரன் என்றால் இன்னொரு 8. ஆக, மட்டையைத் தொடாமலேயே ஒன்றரை வெற்றி வந்துவிட்டது. மீதி வித்தியாசம் ஃபீல்டிங்கில்.

மட்டையிலும் பெரிய இடைவெளி கிடையாது. கப்ரேராவின் அடியில் பலம் அதிகம்: அடிக்கு எத்தனை பேஸ் என்ற கணக்கில் அவர் .606, ட்ரௌட் .564. ஆனால் பேஸ் ஏறியதில் ட்ரௌட் .399, கப்ரேரா .393. ஏஞ்சல்ஸின் சொந்த மைதானம் பேட்டர்களுக்குக் கஞ்சத்தனமானது. அதையும் சேர்த்துப் பார்த்தால் இருவரும் ஒரே தட்டு.

ட்ராய் டைகர்

பிடித்தேன்! ஆர்.பி.ஐ. என்றால் "வாய்ப்பைப் பார்க்க வேண்டும், முன்னால் ஆள் இருந்தார்கள்" என்கிறீர்கள். டபுள் ப்ளே விழவும் முதல் பேஸில் ஆள் வேண்டுமே தம்பி! கப்ரேராவுக்கு முன்னால் எப்போதும் ஆள் இருந்ததால்தான் 139, அதனால்தான் 28-உம். ஒன்றைத் தள்ளுபடி செய்துவிட்டு மற்றதை மட்டும் வசூலிப்பது எந்த ஊர் வட்டிக் கணக்கு?

எண்கணக்கன்

சரி, இது நியாயமான அடி. அந்த 8 ரன்னில் ஒரு பகுதி வாய்ப்பால் வந்ததுதான், குறைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் விட மாட்டேன். ட்ரௌட் முதல் பேஸுக்கு ஓடும் வேகத்தில் பாதி டபுள் ப்ளே ஒற்றை அவுட்டோடு நின்றுவிடும்.

பென்சில் தாத்தா

முப்பது வருடமாக பால்டிமோரில் இருக்கிறேன். ஆட்டத்துக்குப் போனால் ஸ்கோர் தாளும் பென்சிலும் கூடவே வரும். அதனால் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2012 ஜூன் 27, எங்கள் ஊர் மைதானமான கேம்டன் யார்ட்ஸ். எங்கள் ஜே.ஜே. ஹார்டி சென்டர் ஃபீல்டை நோக்கித் தூக்கி அடித்தார். ஹோம் ரன் என்று நான் பென்சிலை வைத்தே விட்டேன். ட்ரௌட் ஓடிவந்து சுவரில் காலை ஊன்றி ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்தைக் கையுறையோடு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பிறகு கையுறைக்குள் எட்டிப் பார்த்தார், அவருக்கே சந்தேகம் போலிருக்கிறது. போட்டதை அழித்துவிட்டு நான் எழுதியது ஒரே எண்: 8. சென்டர் ஃபீல்டர் பிடித்தார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரம் யாரோ நின்ற இடத்திலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு பிடித்த பந்துக்கும் என் தாளில் 8-தான்.

ட்ராய் சொல்லும் மூன்று எண்ணும் இந்தத் தாளில் பிறந்தவை. தாளை உருவாக்கியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். சராசரி என்ற பழக்கம் அந்த வழியில் வந்ததுதான். பேட்டர் தப்பாக வந்த நாலு பந்தைத் தொடாமல் விட்டு பேஸுக்கு நடந்து போனால் அது பந்து வீசும் பிட்சரின் தப்பு, பேட்டருக்குப் பெருமை இல்லை என்பது அவர் முடிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மனிதருக்குத் தோன்றியது, இன்றுவரை சராசரியில் நடந்து போனதற்கு மதிப்பில்லை. எனவே ட்ராய், உங்கள் எண்களும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவற்றுக்குள்ளும் யாரோ ஒருவரின் அபிப்பிராயம் ஒளிந்திருக்கிறது.

ட்ராய் டைகர்

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பிடியை எண்ணாக்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. ஃபீல்டிங்கை அளக்க ஒரு இணையதளம் ஒரு கணக்கு வைத்திருந்தது, இன்னொரு தளம் வேறு கணக்கு. ஒரே பையன், ஒரே சீசன், இரண்டு விடை. மூன்று வருடத் தரவு இருந்தால்தான் நம்பலாம் என்று அந்தக் கணக்குக்காரர்களே சொல்வார்கள். பிறகு ஒரு வருடத்தை வைத்து எம்.வி.பி. கேட்பார்கள். அந்த மாற்று ஆள் இருக்கிறாரே, அவர் எவ்வளவு மோசமானவர் என்பதில்கூட இரண்டு தளங்களும் 2013-இல்தான் ஒத்துப்போயின. இல்லாத ஆள், அவருக்கு இரண்டு ஜாதகம்!

ஃபீல்டிங்கில் இன்னொன்று. டைகர்ஸ் 2012 ஜனவரியில் பிரின்ஸ் ஃபீல்டரை 9 ஆண்டுக்கு 214 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டிவந்தது. பிரின்ஸ் ஆடியது முதல் பேஸில், அது கப்ரேராவின் இடம். கப்ரேரா முணுமுணுக்காமல் மூன்றாவது பேஸுக்குப் போனார். அங்கே அவர் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். வார் அந்தச் சுமாருக்கு மதிப்பெண் குறைக்கிறது. அவர் நகர்ந்ததால் பிரின்ஸ் அடித்த 30 ஹோம் ரன் அணிக்குக் கிடைத்ததே, அது எந்தக் கட்டத்தில் வருகிறது?

எண்கணக்கன்

எந்தக் கட்டத்திலும் வரவில்லை. உண்மை. மூன்றாவது பேஸ் கடினமான இடம் என்பதற்குச் சின்னச் சலுகை உண்டு, அவ்வளவுதான்.

மிச்சிகன் மாப்பிள்ளை

அதெல்லாம் போகட்டும். டைகர்ஸ் ப்ளே ஆஃப், அதாவது சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று, போனது, ஏஞ்சல்ஸ் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது. செப்டம்பர் நடுவில் சிகாகோ வொயிட் சாக்ஸ் மூன்று ஆட்டம் முன்னால் இருந்தது, அதைத் துரத்திப் பிடித்தது கப்ரேராவின் மட்டை. ட்ரௌட் கடைசி இரண்டு மாதமும் .300-க்குக் கீழே. சோலி முடிந்தது.

எண்கணக்கன்

டைகர்ஸ் 88 வெற்றி. ஏஞ்சல்ஸ் 89! அதிகம் ஜெயித்த அணி வீட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம், ஊர்வாரியாகப் பிரித்த அதே பிரிவில் ஓக்லாந்து 94, டெக்சாஸ் 93. எம்.வி.பி. யாருக்கு என்று பூகோளப் பாடம் தீர்மானிக்க வேண்டுமா? ஏப்ரல் 28-இல் கீழ்நிலை லீகிலிருந்து ட்ரௌட்டைக் கூப்பிடும்போது ஏஞ்சல்ஸ் 6 வெற்றி, 14 தோல்வி. அதற்குப் பிறகு 83-க்கு 59.

ட்ராய் டைகர்

அந்த ஏப்ரலில் ஏஞ்சல்ஸின் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. மே வந்துதான் கண் விழித்தார். அதையும் பையன் கணக்கில் எழுதிவிட்டீர்களா?

பென்சில் தாத்தா

அணியின் வெற்றி எண்ணிக்கையை வைத்து வாதாடுபவர்களுக்கு எங்கள் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கதையைச் சொல்ல வேண்டும். அதே 2012. எடுத்த ரன் 712, கொடுத்த ரன் 705. ஏழு ரன்தான் மிச்சம். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் ஏறக்குறைய வரும் என்று பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் பில் ஜேம்ஸின் சூத்திரம் சொல்லும். போட்டுப் பார்த்தால் 82 வெற்றி. நாங்கள் ஜெயித்தது 93. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் இன்னிங்ஸ் போன ஆட்டங்களில் 16-2. "இது அதிர்ஷ்டம், நிற்காது" என்று இணையம் முழுக்க எழுதினார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜிம் ஜான்சன் வந்து 51 ஆட்டத்தைக் காப்பாற்றினார், இது அதிர்ஷ்டமா?

2013-இலும் அதே ஜான்சன், அதே மேனேஜர் பக் ஷோவால்டர். ஒரு ரன் ஆட்டங்களில் 20-31. ஜான்சன் ஒன்பது முறை கோட்டை விட்டார். 85 வெற்றி, ப்ளே ஆஃப் இல்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் சூத்திரங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஒன்று. 93 வெற்றியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ப்ளே ஆஃப் போனோம், டெக்சாஸை அவர்கள் மைதானத்திலேயே வெளியேற்றினோம். சூத்திரம் அடுத்த வருடத்தைச் சரியாகச் சொன்னது, போன வருடத்தை அழிக்கவில்லை. எம்.வி.பி. போன வருடத்துக்குக் கொடுப்பது. அதனால்தான் எனக்குக் கப்ரேரா ஓட்டும் அவ்வளவு பாவமாகத் தெரியவில்லை.

எண்கணக்கன்

ஐயா, அங்கேதான் முரண்படுகிறேன். ட்ரௌட் திருடிய 49 பேஸும் போன வருடம் நடந்ததுதான், ஹார்டியிடமிருந்து பறித்ததும் நடந்ததுதான். நான் வருங்காலத்துக்கு ஓட்டுக் கேட்கவில்லை. நடந்ததை முழுசாக எண்ணச் சொல்கிறேன். எழுத்தாளர்களும் பிறகு மாறினார்கள். 2016-இல் ஏஞ்சல்ஸ் 74 வெற்றியோடு தேய்ந்தபோதும் எம்.வி.பி. ட்ரௌட்டுக்குத்தான். 2012-இல் அப்படி நடந்திருக்குமா?

வருங்காலம்தான் வேண்டுமென்றால் சம்பளத்தைப் பார்க்கலாம். 2014-இல் டைகர்ஸ் கப்ரேராவுக்கு மேலும் எட்டு ஆண்டு, 248 மில்லியன் கொடுத்தது. 2016-க்குப் பிறகு அவர் பழைய கப்ரேரா இல்லை. முப்பதைத் தாண்டிய கனத்த உடம்பு எப்படித் தளரும் என்று அட்டவணை எப்போதோ சொல்லிவிட்டது.

மிச்சிகன் மாப்பிள்ளை

உங்கள் அட்டவணைப் பிள்ளைக்கு 2019-இல் 426 மில்லியனுக்கு மேல் கொடுத்தார்களே, 2021-லிருந்து 2024 வரை அவர் ஆடியதைவிட மருத்துவர் மேசையில் படுத்ததுதான் அதிகம். அதையும் சொல்லுங்கள்.

எண்கணக்கன்

...காயத்துக்கு சூத்திரம் இல்லை.

நேற்று வந்தவள்

எனக்குப் புரிந்தவரை கேட்கிறேன். கப்ரேரா 161 ஆட்டம், ட்ரௌட் 139. குறைவாக ஆடிய அந்த 22 ஆட்டத்தில் ட்ரௌட் ஒன்றும் தரவில்லையே, வார் அதைக் கழித்ததா?

எண்கணக்கன்

நல்ல கேள்வி. கழிக்கத் தேவையில்லை. வார் உண்டியல் மாதிரி, ஆடினால்தான் காசு விழும். 139 ஆட்டத்தில் விழுந்ததே 161-ஐ விட அதிகம் என்பதுதான் என் முழு வாதமும். முதல் நாளே இதை எழுதியிருந்தால் திரி பாதியில் முடிந்திருக்கும்.

பென்சில் தாத்தா

முடிந்திருக்காது. ட்ராய், வாய்ப்பு அதிகம் என்று மடக்கினீர்களே தவிர, அந்த 28 டபுள் ப்ளேயைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை.

ட்ராய் டைகர்

பேசுகிறேன். அதில் ஒன்று எனக்கு நேரில் தெரியும். மகனை முதன்முதலாக டைகர்ஸின் மைதானமான கொமெரிக்கா பார்க்குக்குக் கூட்டிப்போயிருந்தேன், அவனுக்கு அப்போது எட்டு வயது. முதல் பேஸில் ஆள், கப்ரேரா மட்டையோடு வருகிறார். "பாருடா, இப்போ பாரு" என்று அவனைத் தூக்கி நாற்காலி மேலேயே நிறுத்திவிட்டேன். பந்து நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டது. அங்கிருந்து இரண்டாவது பேஸ், அங்கிருந்து முதல் பேஸ். கப்ரேரா இன்னும் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தார்.

பையன் கேட்டான், "ஒரே அடியில ரெண்டு பேரு அவுட்டாப்பா?"

பாப்கார்ன் வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றினேன்.