ஃபைபர் வள்ளம் இழுக்க எந்த பிக்கப்? ஃபிஃப்த் வீல் போடலாமா?

தேவிபட்டினம்_பட்டறை:
ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறைக்கு வண்டி பார்க்கிறோம். வள்ளம் 28 அடி. இரண்டு அச்சு ட்ரெய்லரோடு சேர்த்து எடைமேடையில் 1,900 கிலோ. ட்ரெய்லரில் பிரேக் கிடையாது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும், பாம்பன் பாலம் தாண்டியும் வாரம் இரண்டு நடை போகும். இதுவரை வாடகை ட்ராக்டர்தான். பார்த்து வைத்திருப்பவை பொலேரோ பிக்கப் 1.7, டாடா யோதா 2.0 (இரண்டிலும் எண் ஏற்றும் சுமை, டன்னில்), பழைய இசுஸு வி-கிராஸ். இன்னொரு சந்தேகம்: அமெரிக்காவில் பிக்கப் தொட்டிக்குள்ளேயே கப்ளிங் வைத்து இழுக்கிறார்களே, அந்த ஃபிஃப்த் வீல். அதைப் பொலேரோவில் அடித்துவிட்டால் ஆட்டமே இருக்காது என்கிறார் வெல்டர். செய்யலாமா?

டெக்சாஸ்_சாயல்குடி:
வெல்டர் சொல்வதில் பாதி உண்மை. ஃபிஃப்த் வீலில் இழுக்கும் புள்ளி பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால் வரும். பம்பருக்குப் பின்னால் தொங்கும் பந்து கப்ளிங்கில் ட்ரெய்லர் அசைந்தால் வண்டியின் வாலையும் பிடித்து ஆட்டும். இதில் அந்த நெம்புகோல் நீளமே இல்லை. அதனால்தான் இங்கே பெரிய வீட்டு ட்ரெய்லர்களுக்கு அதைப் போடுகிறார்கள்.

ஆனால் பாரத்தைக் கணக்குப் போட வேண்டும். பந்து கப்ளிங்கில் ட்ரெய்லர் மொத்த எடையில் 10–15% வண்டி மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் கிங் பின் மேல், அதாவது கப்ளிங்கில் மாட்டும் ட்ரெய்லரின் முளை மேல், 15–25%. இங்கே 12,000 பவுண்டு ட்ரெய்லருக்கு 20% என்றால் 2,400 பவுண்டு, அதாவது சுமார் 1,090 கிலோ, தொட்டியில் உட்காரும். ஹிட்ச் எடையும் ஆட்கள் எடையும் தனி. ‘ஹாஃப் டன்’ பிக்கப் பலவற்றின் தாங்குசுமை 1,500–2,000 பவுண்டுதான். விளம்பரத்தில் இழுவைத் திறனைப் பெரிய எழுத்தில் போடுவான். தாங்குசுமை ஓட்டுநர் கதவு நிலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கும். முதலில் தீர்ந்துபோவது தாங்குசுமைதான்.

உங்கள் கணக்கு வேறு. 1,900 கிலோவில் 25% எடுத்தாலும் 475 கிலோ, பொலேரோ 1.7 அதைச் சாதாரணமாகத் தாங்கும். சிக்கல் வள்ளத்தின் உருவத்தில். தொட்டிக்கு மேல் கழுத்து நீட்ட வேண்டுமென்றால் ட்ரெய்லரின் முன்பக்கம் உயரும். அணியம், அதாவது வள்ளத்தின் முன் முனை, கேபினுக்கு மேல் நிற்கும், திருப்பத்தில் கூரையில் இடிக்கும். வள்ளத்தைத் தொட்டிக்குப் பின்னாலேயே நிறுத்தினால் மொத்த நீளம் கூடிப்போய், கடற்கரைச் சந்துகளில் திரும்பவே முடியாது. தாழ்வாக இருந்தால்தானே வள்ளம் வழுக்கி இறங்கும்?

சட்டத்திலும் இடிக்கும். தன் எடையில் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியின் மேல் ஏற்றும் வகையில் அமைந்ததை 1988 மோட்டார் வாகனச் சட்டம் ‘செமி ட்ரெய்லர்’ என்று தனியாகவே பிரிக்கிறது. வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்பது அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு. வெல்டரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

பட்டை_ஸ்பிரிங்:
வண்டிக்கு வருவோம். மூன்றையும் குதிரைத் திறனில் பார்க்காதீர்கள், முறுக்கு விசையில் பாருங்கள். பொலேரோ 2,523 சிசி, சுமார் 200 என்.எம். யோதா 2.2 லிட்டர், 250. வி-கிராஸ் பழைய 2.5 லிட்டரில் 320, பிறகு வந்த 1.9இல் 360.

தார் ரோடு மட்டும் என்றால் யோதா போதும். பொலேரோவும் இழுக்கும், ஆனால் மணலில் பின்னால் தள்ளும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி நிற்க வேண்டிவரும்; பிளேட் கருகும் வாடை அங்கேதான் வரும். பின் சக்கர இழுவை, காலித் தொட்டி, கடற்கரை மணல் மூன்றும் சேர்ந்தால் டயர் குழி தோண்டும். தொட்டியில் 300 கிலோ மணல் மூட்டை போட்டால் ஓரளவு பிடிக்கும்.

கரையில் இறக்குவதும் உங்கள் வண்டிதான் என்றால் வி-கிராஸ். 4×4தானா என்று பார்த்து வாங்குங்கள். இரு சக்கர இழுவையிலும் அந்தப் பெயரில் வண்டி உண்டு. 4எல் (நான்கு சக்கர இழுவையில் தாழ்ந்த கியர்) போட்டு, கிளட்ச் முழுதாக விட்டு, ஆமை வேகத்தில் பின்னால் போகலாம். ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். தொட்டியில் இன்ஜினும் வலையும் ஏற்ற மிச்சம் அதிகம் இராது. என் கணக்கில் யோதா வாங்கிவிட்டு, கரைக்கு மட்டும் ட்ராக்டரைக் கூப்பிடுவதே மலிவு.

எந்த வண்டியானாலும் கப்ளிங் சேஸிஸ் ரெயில் இரண்டிலும் போல்ட்டில் நிற்க வேண்டும். பம்பரில் வெல்டு வைத்தால் விரிசல் விடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கழன்றால் ட்ரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி மேல் விழும்.

பிரேக் இல்லாமல் 1,900 கிலோவை இழுப்பது சரியே இல்லை. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினாலே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஓவர்ரன் கப்ளிங் போடுங்கள். வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னே நெருக்கும் அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கும். பின்னால் தள்ளும்போதும் அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பதால் ரிவர்ஸ் லாக் இருக்கிறதா பாருங்கள்.

கீழக்கரை_காக்கா:
வண்டியை விட ட்ரெய்லர் பேரிங்தான் முதலில் போகும். ஓடி வந்த சூட்டோடு ஹப்பைக் கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அரை மணி ஆறவிடுங்கள், முடிந்தவரை ஹப் நனையாமல் இறக்குங்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் ஹப், டிரம், பட்டை எல்லாம் கழுவ வேண்டும். லைட் பிளக்கைத் தண்ணீருக்கு முன்னாலேயே கழற்றிவிடுங்கள். சட்டம் புதிதாக அடிப்பதாக இருந்தால் பெயின்ட் வேண்டாம், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, ரோடு ஏறியதும் நிரப்புங்கள். 12 வோல்ட் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும்.

பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வள்ளத்தின் பக்கவாட்டில் காற்று நேராக அறையும். காலையிலேயே தாண்டிவிடுங்கள். படம் எடுக்க நிறுத்தும் கார்களுக்காகத் திடீரென்று ஒடிக்க வேண்டிவரும். அந்த ஒடிப்பில்தான் ஆட்டம் தொடங்கும். தொடங்கினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்ஸிலேட்டரை விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

தேவிபட்டினம்_பட்டறை:
நன்றி காக்கா. இப்போதே 50 தாண்டினால் லேசாக ஆடுது. கப்ளிங்கில் இறங்கும் மூக்கு பாரம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

பட்டை_ஸ்பிரிங்:
சமதரையில் வள்ளத்தோடு நிறுத்தி, கப்ளிங் வண்டியில் நிற்கும் அதே உயரத்துக்கு ஒரு கட்டை வெட்டி, மீன் கடைப் பிளாட்பார்ம் தராசில் வைத்துக் கப்ளிங்கை இறக்குங்கள். 190 கிலோவுக்குக் குறைந்தால் ஆடத்தான் செய்யும். விஞ்ச் கம்பத்தை முன்னே தள்ளி வள்ளத்தை ஒரு சாண் முன்னால் இழுங்கள், திரும்ப நிறுங்கள். 285ஐத் தாண்டினால் கொஞ்சம் பின்னால் விடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் கம்பத்தின் யூ போல்ட்டுக்குப் பக்கத்தில் சட்டத்தில் பெயின்ட் குறி போட்டுவையுங்கள். இன்ஜினைப் பின்னணியத்தில் மாட்டிய வள்ளம் என்றால் குறி மாறும், அதற்குத் தனியாக நிறுக்க வேண்டும்.