68,000 டாலர் சம்பளத்துக்கு எவ்வளவு விலையில் கார் வாங்கலாம்? நாளை மாலைக்குள் முடிவு சொல்லணும் (ஸ்கார்பரோ)

மலைக்கோட்டை88:
அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோ வந்து இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். கடவுள் புண்ணியத்தில் வேலை கிடைத்துவிட்டது, வருடத்துக்கு 68,000. ஒரு டீலரிடம் ஹோண்டா சி.ஆர்.வி. பார்த்தேன். பழைய வண்டிதான், ஆனால் புதுசு மாதிரி இருக்கிறது. "இரண்டு வாரத்துக்கு 216 டாலர்தான் சார், உங்கள் சம்பளத்துக்கு இது ஒன்றுமே இல்லை" என்றார்கள். 500 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன். நாளை மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடுமாம். சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரை காருக்குப் போடலாம்? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

எக்லிங்டன்_அண்ணை:
தம்பி, முதல் வின்டரைக் கார் இல்லாமல் கடத்தலாம் என்று நினைக்காதையுங்கோ. நான் 1991இல் வந்தனான். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுற வேலை. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றால் காது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சப்பாத்துக்குள்ள தண்ணி போய் அதுவும் உறைஞ்சிடும். வடக்கே மார்க்கம் நகர்ப் பக்கம் வேலைக்குப் போனால் எல்லையில் இருக்கிற ஸ்டீல்ஸ் ரோட்டைத் தாண்டினவுடனே இன்னொரு டிக்கெட் காசு. அந்தக் கஷ்டம் இனி ஒருத்தருக்கும் வேண்டாம். சதவீதம் கிதவீதம் பார்க்காமல் வாகனத்தை வேண்டுங்கோ. காசை உழைக்கலாம், உடம்பை உழைக்கேலாது.

கோவைக்காரி:
அண்ணா சொல்வது அவர் காலத்துக்குச் சரி. ஆனால் வந்த கையோடு கடனில் கார் எடுப்பதை நான் ஒத்துக்கவே மாட்டேன். கையில் இருக்கும் காசுக்கு ஒரு பழைய கொரோலா போதும். நாங்கள் அப்படித்தான் தனியாரிடம் வாங்கினோம், இன்றைக்கும் ஓடுகிறது. மாதத் தவணை இல்லாத நிம்மதி வேறு எதிலும் வராது. முதல் வருடம் என் கணவருக்கு வேலை போய் நாங்கள் பட்ட பாட்டில், தவணையும் இருந்திருந்தால் ஊருக்கே திரும்பியிருப்போம்.

பிராம்ப்டன்வாசி:
தனியாரிடம் வாங்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பில் வண்டியின் அடிப்பகுதி துருப்பிடித்துக் கிடக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். புதிதாக வந்தவருக்கு அதைப் பார்க்கத் தெரியுமா? நல்ல டீலரிடம் வாரன்டியோடு எடுப்பதுதான் புத்தி. காரைவிடக் கொடுமை இன்சூரன்ஸ்தான். பிராம்ப்டன் போஸ்டல் கோடு சொன்ன உடனே போனில் பேசுகிறவர் குரலே மாறிவிடும். ஒரு விபத்து இல்லை, ஒரு டிக்கெட் இல்லை, ஆனாலும் ஊரில் நான் முதலில் ஓட்டிய மாருதியின் விலையை இங்கே இரண்டு வருடத்தில் இன்சூரன்ஸாகவே கட்டிவிட்டேன்.

ரிச்மண்ட்ஹில்_ராசா:
இன்சூரன்ஸ் மட்டுமா? வாடகை, மளிகை, போன் பில் எல்லாமே ஏறிவிட்டது. சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது. 407 நெடுஞ்சாலையில் டோல், 401இல் நெரிசல். ஸ்கார்பரோ ஆர்.டி. ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு அதை மூடியே விட்டார்கள், பஸ்தான் ஓட்டுகிறார்கள். கார் இல்லாதவனுக்கு ஒரு கஷ்டம், இருக்கிறவனுக்கு வேறு கஷ்டம்.

எக்லிங்டன்_அண்ணை:
உண்மைதான் ராசா. நாங்கள் வந்த காலத்தில் வேலை கஷ்டம், ஆனால் வாடகை கட்டி மிச்சம் பிடிக்கலாம். இப்ப வாற பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கு.

மலைக்கோட்டை88:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் எடுக்கலாமா வேண்டாமா என்று இன்னும் புரியவில்லை. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, மனைவிக்கு ஜனவரியில் பிரசவம். அதனால்தான் இவ்வளவு அவசரம். ஆபீஸ் மார்க்கமில், வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும்.

நைட்_ஷிப்ட்_அக்கா:
தம்பி, முதலில் வாழ்த்து. தாயும் பிள்ளையும் நல்லபடி இருக்கட்டும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு விஷயம் தெரியணும். வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், லைசென்ஸ் என்ன நிலையில் இருக்கிறது, இந்த வண்டிக்கு உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் எவ்வளவு சொல்கிறார்கள். இந்த நான்கும் இல்லாமல் நாங்கள் பேசுவதெல்லாம் அவரவர் பட்ட அனுபவம்தான்.

மலைக்கோட்டை88:
வட்டி 8 சதவீதம், 84 மாதம், வரி எல்லாம் சேர்த்துக் கடன் 30,000. இந்திய லைசென்ஸ் இருக்கிறது, திருச்சியில் ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். இங்கே பழகுநர் லைசென்ஸுக்கான ஜி1 எழுத்துத் தேர்வு இன்னும் எழுதவில்லை. இன்சூரன்ஸ் பற்றி டீலர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று மதியம் நானே ஒரு இடத்தில் கேட்டேன், மாதம் 380 என்றார்கள். அதற்குப் பிறகுதான் பயம் வந்து இங்கே எழுதினேன்.

நைட்_ஷிப்ட்_அக்கா:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும். சரி, பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு 216 என்றால் மாதம் 432 என்று மனதில் போட்டிருப்பீர்கள். வருடத்துக்கு 26 தவணை வரும், 24 இல்லை. மாதக் கணக்கில் அது 468. ஏழு வருடம் கட்டி முடிக்கும்போது 30,000க்கு 39,000க்கு மேல் கொடுத்திருப்பீர்கள். மாதத் தவணையை மட்டும் காட்டிப் பேசுவது வண்டி விலையையும் வட்டியையும் மறைக்கத்தான். அவர்கள் "இரண்டு வாரத்துக்கு" என்று ஆரம்பித்தாலே "மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள்.

68,000 என்பது கைக்கு வரும் காசு இல்லை. வரி, சி.பி.பி. (ஓய்வூதியப் பிடித்தம்), ஈ.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு) எல்லாம் போய் மாதம் சுமார் 4,300 வரும். தவணை 468, இன்சூரன்ஸ் 380, பெட்ரோல் குறைந்தது 120. ஆக 968. கைக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், வாரத்தில் இரண்டு நாள் ஓடப்போகிற வண்டிக்கு. வின்டர் டயர் ஒரு செட் ஆயிரம் டாலர் பக்கம் வரும், அதை இதில் சேர்க்கவே இல்லை.

சதவீதம் கேட்டீர்கள். தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல் மூன்றும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 15 சதவீதத்துக்குள் நிற்கட்டும். உங்களுக்கு அது 645. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில், அதுவும் ஒருவர் சம்பளத்தில், அதற்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து.

கணக்குவாத்தியார்:
அக்கா, 20/4/10 என்று ஒரு விதி சொல்வார்களே. விலையில் 20 சதவீதம் முன்பணம், நான்கு வருடத்துக்குள் கடன், வரிக்கு முந்தைய சம்பளத்தில் 10 சதவீதத்துக்குள் கார் செலவு. இவருக்கு மாதம் 567 வரும். 380 இன்சூரன்ஸுக்கே போனால் மீதி 187இல் பெட்ரோலும் தவணையும் அடங்காது. அப்படிப் பார்த்தால் ஒன்டாரியோவில் புதிதாக வந்த யாருமே கார் வாங்க முடியாது.

நைட்_ஷிப்ட்_அக்கா:
அதனால்தான் வண்டியைத் தேடுவதற்கு முன் இன்சூரன்ஸைக் குறைக்க வழி பார்க்கச் சொல்கிறேன். அதற்கு லைசென்ஸ்தான் சாவி.

தம்பி, குடிவந்தவர் இந்திய லைசென்ஸில் இங்கே 60 நாள்தான் ஓட்டலாம். உங்களுக்கு அது முடியப்போகிறது. அதற்குப் பிறகு சி.ஆர்.வி. வாசலில் நிற்கும், நீங்கள் தனியாக எடுக்க முடியாது. ஜி1 வைத்திருப்பவர் பக்கத்தில் அனுபவமுள்ள, முழு லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் உட்கார்ந்திருக்கணும். ஜனவரியில் வலி எடுத்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக யாரைத் தேடுவீர்கள்?

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஆர்.டி.ஓ.விடமிருந்தோ இந்தியத் தூதரகத்திடமிருந்தோ எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கடிதம் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் என்று அது காட்டினால், ஜி1 எழுத்துத் தேர்வு தேறியதும் காத்திருக்காமல் நேராக ஜி, அதாவது முழு லைசென்ஸுக்கான சாலைத் தேர்வுக்குப் போகலாம். கடிதம் இல்லாமல் வெறும் லைசென்ஸைக் காட்டினால் ஒரு வருட அனுபவம்தான் கணக்கில் எடுப்பார்கள், அதற்கு ஒரு படி கீழே இருக்கிற ஜி2 சாலைத் தேர்வுக்குத்தான் போகலாம். ஊரில் எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும் இங்கே இரண்டு, மூன்று கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் போர்டில் சக்கரம் முழுதாக நிற்கணும், லேன் மாறும்போது தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கணும். நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தோற்கிறார்கள்.

பிராம்ப்டன்வாசி:
அக்கா சொல்வதோடு ஒன்று. சி.ஆர்.வி. இங்கே அதிகம் திருடுபோகிற வண்டிகளின் வரிசையில் முன்னால் நிற்கிறது. இன்சூரன்ஸில் அதுவும் சேரும். அதே நிறுவனத்திடம் ஒரு கொரோலாவுக்கும் எலான்ட்ராவுக்கும் கேட்டுப் பாருங்கள். கட்டுப்படி ஆகவில்லை என்று இன்சூரன்ஸ் இல்லாமல் மட்டும் எடுத்துவிடாதீர்கள், முதல் முறை பிடிபட்டாலே குறைந்தது 5,000 டாலர் அபராதம்.

கோவைக்காரி:
தனியாரிடம் வாங்கினால் அரசு அலுவலகமான சர்வீஸ் ஒன்டாரியோவின் பழைய வண்டித் தகவல் தொகுப்பை விற்பவர் தரணும், அது சட்டம். வண்டி மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று அதில் தெரியும். வண்டி ஓட்டத் தகுதியானது என்று காட்டும் சேஃப்டி சர்டிபிகேட் 36 நாளுக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்தாலே துருக் கதை முடிந்தது. தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீதம் வரி உண்டு.

ரிச்மண்ட்ஹில்_ராசா:
அண்ணை சொன்ன இரண்டு டிக்கெட் காசு இப்போது இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து டொராண்டோவின் டி.டி.சி. பஸ்ஸிலிருந்து மார்க்கம் பக்கம் ஓடும் யார்க் பஸ்ஸுக்கு மாறினாலும் ஒரே கட்டணம்தான். மார்க்கமுக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போவது கஷ்டமில்லை, நான் போயிருக்கிறேன்.

எக்லிங்டன்_அண்ணை:
அப்படியா, நல்ல விஷயம். தம்பி, லைசென்ஸ் விஷயம் தெரியாமல் வேண்டுங்கோ என்று சொல்லிப்போட்டன். பிள்ளை பிறக்கிற நேரம் வாகனம் இல்லையென்று யோசிக்காதையுங்கோ. நான் ரிட்டயர்ட், மோர்னிங்சைட் பக்கம்தான் இருக்கிறன். தனிச்செய்தியில் வாங்கோ, எந்த நேரமும் வருவன்.

மலைக்கோட்டை88:
அண்ணை, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டாள். வண்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்த 500 டாலர் திரும்பக் கிடைக்குமா?

நைட்_ஷிப்ட்_அக்கா:
அது நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் ரசீதா, வாங்கும் ஒப்பந்தமா என்று பாருங்கள். ஒன்டாரியோவில் டீலரிடம் ஒப்பந்தம் போட்டுவிட்டால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடையாது, பலர் உண்டு என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தம் போடவில்லை என்றால் நாளை காலையே மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில் இருக்கணும். தர மறுத்தால் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக்கில் புகார் செய்யலாம்.

ஜி கிடைத்த பிறகு மறுபடி கணக்குப் போடலாம். சின்ன வண்டிக்கு இன்சூரன்ஸ் 260க்கு இறங்கினால், பெட்ரோல் 120 போக 645இல் 265 மிச்சம். 10,000 டாலர் கடனை அதே 8 சதவீதத்தில் நான்கு வருடத்துக்குப் போட்டால் தவணை 244. அதுதான் உங்கள் எல்லை. டயர் காசைக் கடனில் சேர்க்காமல் கையில் இருந்து கொடுங்கள்.

மலைக்கோட்டை88:
ஒப்பந்தம் இல்லை அக்கா, ரசீது மட்டும்தான். மின்னஞ்சல் இப்போதே எழுதுகிறேன். ஆர்.டி.ஓ. கடிதத்துக்கு அப்பாவை நாளைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். அதில் என்னென்ன இருக்கணும்?

நைட்_ஷிப்ட்_அக்கா:
அலுவலகத்தின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே உங்கள் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், எந்த வகை வண்டி, முதலில் கொடுத்த தேதி, முடியும் தேதி. கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். மூலக் கடிதத்தையே கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் படம் உதவாது. எழுத்துத் தேர்வுக்குப் போகிற அன்றே அதைக் கையில் கொண்டு போங்கள்.