எப்சிலான், டெல்டா நிறுவலில் நிற்கிறேன், உதவி தேவை

பள்ளியோடு விட்ட கணிதத்தை, தேர்வு எதற்கும் இல்லாமல் ஆசைக்காகவே மதுரையில் வீட்டிலிருந்து படித்து வருகிறேன். பொங்கலிலிருந்து நுண்கணிதத்தில் எல்லையின் (limit) துல்லிய வரையறையைத் தாண்ட முடியவில்லை. அதில் எப்சிலான் என்பது சார்பின் மதிப்பு எல்லையிலிருந்து விலகலாம் என்று நாம் அனுமதிக்கும் அளவு; அதற்குள் நிற்க எக்ஸ் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது டெல்டா.

எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது அதன் வர்க்கம் 4-ஐ நெருங்கும் என்ற நிறுவல் புரிகிறது: 1, எப்சிலான்/5 இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுக்கிறார்கள். ஆனால் எக்ஸ் 1-ஐ நெருங்கும்போது 1/எக்ஸ் என்ற சார்புக்கும் அதே 1-ஐ எடுத்தால், எக்ஸ் பூச்சியத்தை ஒட்டிப் போய், மதிப்பு கட்டுக்கடங்காமல் எகிறுகிறது. 1/2 என்றால் சரியாக வருகிறது.

வரைபடத் தாளில் வரைந்தேன், காணொளிகள் பார்த்தேன், விடையிலிருந்து பின்னோக்கியும் போனேன். எல்லோரும் அந்த எண்ணை எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். மனப்பாடம் செய்து கடந்துபோக மனமில்லை. இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிடக் கூடாது.

புதிய சார்பு ஒன்று வந்தால், 1, 1/2 போன்ற அந்த முதல் எண்ணை எதை வைத்து முடிவு செய்வது?