கையில் தராத காகிதம் என்னைக் கட்டுமா? பணி ஆணையின் ஒற்றை வரியும் ஆர்பிட்ரேஷனும்

பணகுடி குத்தகைதாரர்:
பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலைக்கு அடித்தளம் போடுவதும் கிரேன் விடுவதும் எங்கள் தொழில். ஆடிக் காற்றில் கிரேன் வைத்து இறக்கையைத் தூக்க முடியாது. இது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படி வேலை நின்ற நாட்களைத் தாமதம் என்று கணக்கெழுதி, ஒரு நிறுவனம் என் பில்லில் 12 லட்சம் ரூபாயைப் பிடித்துவிட்டது. கேட்டுக் கடிதம் போட்டால், நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனைக் காட்டி இப்படிப் பதில் வருகிறது: "பொது நிபந்தனைகளின்படி இது ஆர்பிட்ரேஷனுக்கு உரியது. இடம் மும்பை. நடுவரை எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பார்."

என்னிடம் இருக்கும் பணி ஆணை ஒரே தாள், இரண்டு பக்கம். வேலை, விலை, முடிக்க வேண்டிய தேதி. பின்பக்கத்தின் அடியில், அவர்கள் முத்திரை பாதி மறைத்திருக்கும் இடத்தில் ஒரு வரி: "மற்றவை நிறுவனத்தின் பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டவை." ஆர்பிட்ரேஷன் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்தப் பொது நிபந்தனைகளை யாரும் என் கையில் தரவில்லை.

நான் கையெழுத்துப் போட்டது அந்தத் தாளில். அதில் இல்லாதது என்னைக் கட்டாது. வழக்கு போடுவதென்றால் இங்கேதான் போடுவேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

பாளை வழக்குரைஞர்:
அண்ணாச்சி, பணம் பிடித்தது அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் தாளில் இல்லாதது கட்டாது என்ற நம்பிக்கையோடு நீதிமன்றப் படி ஏறாதீர்கள். 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 7(5) பிரிவு இதற்காகவே இருக்கிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் இன்னொரு ஆவணத்தைச் சுட்டலாம். அந்த ஆவணத்தில் உள்ள நடுவர் ஷரத்தை ஒப்பந்தத்தின் பகுதியாக்கும் விதத்தில் அந்தச் சுட்டல் அமைந்திருந்தால், ஷரத்து உங்களையும் கட்டும். நீங்கள் உரிமையியல் வழக்கு போட்டால், எதிர்த்தரப்பு தன் முதல் பதிலுரைக்கு முன்பாகவே 8ஆம் பிரிவின்படி மனுப் போட்டு அதை நடுவரிடம் திருப்பிவிடும்.

தூத்துக்குடி சரக்கு முகவர்:
வழக்குரைஞர் அக்கா சொல்வதில் பாதிதான் வந்திருக்கிறது. "அமைந்திருந்தால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2009இல் எம்.ஆர். இன்ஜினியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கேரளத்தில் நெடுஞ்சாலை வேலை. முதன்மை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும் என்று உள் ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதியிருந்தார்கள். அது போதாது, நடுவர் ஷரத்தைக் குறிப்பாகச் சுட்டியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2024இல் என்பிசிசி என்ற அரசுக் கட்டுமான நிறுவனத்தின் வழக்கிலும் அதே நிலைதான். அண்ணாச்சியின் ஒற்றை வரியும் பொதுவான சுட்டல்தானே?

பாளை வழக்குரைஞர்:
தம்பி, அந்த இரண்டு வழக்கிலும் சுட்டப்பட்டது வேறு இருவருக்கு இடையிலான ஒப்பந்தம். அரசுத் துறைக்கும் பெரிய குத்தகைதாரருக்கும் இடையே எழுதியதை அப்படியே மூன்றாமவர் தலையில் கட்ட முடியாது என்பது அங்கே பேச்சு. போதாததற்கு, என்பிசிசி வழக்கில் தகராறு டெல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அண்ணாச்சியின் தாள் சுட்டுவது எதிர்த்தரப்பின் சொந்தப் பொது நிபந்தனைகளை. அதற்கு நெருங்கிய தீர்ப்பு 2018இல் வந்த ஐநாக்ஸ் விண்ட் வழக்கு. அதுவும் காற்றாலைச் சமாச்சாரம்தான், கேபிள் வாங்கியதில் வந்த தகராறு. கொள்முதல் ஆணையில் நிலையான நிபந்தனைகள் என்று பொதுவாகச் சுட்டியிருந்தாலே, ஒரு தரப்பின் நிலையான படிவமாக இருந்தால் அது போதும் என்றது உச்ச நீதிமன்றம். 2009இல் வணிகச் சங்கங்களின் நிலையான படிவங்களுக்குக் கொடுத்த விலக்கை, தனி நிறுவனத்தின் படிவத்துக்கும் நீட்டிவிட்டார்கள். உங்களிடம் ஆவணத்தைத் தரவே இல்லை என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

பணகுடி குத்தகைதாரர்:
வக்கீலம்மா, தீர்ப்பு அப்படி என்றால் தலைவணங்குகிறேன். நியாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஆயிரம் ஆணை எழுதுகிறவர்களுக்குச் சட்டத் துறை என்றே தனியாக ஒன்று இருக்கிறது. எங்களுக்கு ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு மேற்பார்வையாளரும்தான். சுட்டுகிற ஆவணத்தைப் பின்னால் இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கட்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அம்பை அரிசி ஆலை:
இந்தச் சுட்டல், இணைப்பு எல்லாமே எதற்கு? நாங்கள் நெல் வாங்கி அரிசி விற்கிறவர்கள். தகராறு என்றால் ஈரப்பதத்தில் வரும், அல்லது குருணையில் வரும். லாரி இறங்கிய இடத்தில், மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்த ஆர்பிட்ரேஷன் நிறுவனத்தின் விதியிலாவது மாதிரி எடுப்பது எப்படி என்று எழுதியிருக்கிறதா? எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது: இரு தரப்பு ஆளும் நிற்கும்போது மாதிரி எடுக்க வேண்டும், மூன்று பையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று, மூன்றாவது பை நடுவருக்கு. கடைசியில் ஒரு வரி: "தேவைப்பட்டால் இருவரும் கலந்து பேசி, ஆளுக்கு ஒரு வியாபாரியை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்." இத்தனை வருடத்தில் இதை மீறி யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

பாளை வழக்குரைஞர்:
அண்ணாச்சி, மாதிரி எடுக்கும் முறையை நீங்கள் எழுதியிருப்பது அருமை. பெரிய ஒப்பந்தங்களிலேயே அது இருக்காது. பொதுவான ஆர்பிட்ரேஷன் மையத்தின் விதி உங்கள் சரக்கை அறியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆனால் அந்தக் கடைசி வரி காகிதத்துக்குக்கூட உதவாது. "தேவைப்பட்டால்", "கலந்து பேசி", "கொள்ளலாம்" என்று மூன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 2007இல் ஜகதீஷ் சந்தர் வழக்கில், இரு தரப்பும் அவ்வாறு முடிவு செய்தால் நடுவரிடம் விடப்படும் என்ற ஷரத்தைப் பார்த்து, இது நடுவர் உடன்படிக்கையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் கூடிப் பேச வேண்டும் என்றால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். எதிரி கேரளத்து மொத்த வியாபாரியாக இருந்து, வர மாட்டேன் என்று கையை விரித்தால் உங்கள் வரியை வைத்து அவரை இழுக்க முடியாது. ஆளுக்கு ஒருவர் என்பதிலும் சிக்கல் உண்டு. 10ஆம் பிரிவின்படி நடுவர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது. அதற்காக உடன்படிக்கை செத்துப்போகாது, இருவரும் மூன்றாமவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் காப்பாற்றியிருக்கிறது. காப்பாற்ற வேண்டிய நிலையில் ஏன் எழுத வேண்டும்?

அம்பை அரிசி ஆலை:
ஆளுக்கு ஒருவர் என்பதை மூன்று பேர் என்று மாற்றிவிடுகிறேன். "கொள்ளலாம்" என்பதையும் எடுத்துவிடலாம். ஆனால் வியாபாரி நடுவராக இருப்பதை விட மாட்டேன். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கத் தெரியாதவர் தீர்ப்பு எழுதி என்ன பயன்?

தூத்துக்குடி சரக்கு முகவர்:
வியாபாரி இருக்கட்டும், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவர் நோட்டீஸ் எப்படி அனுப்புவார், ஒருவர் வராவிட்டால் என்ன செய்வார், நடுவர் இறந்தால் யார் வருவார், கட்டணம் எவ்வளவு? இதையெல்லாம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதினால் மாதிரி எடுக்கும் ஷரத்தை வைக்கோற்போரில் ஊசி தேடுவதுபோல் தேட வேண்டியிருக்கும். அதனால்தான் ஆர்பிட்ரேஷன் மையங்களின் விதிகளைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறோம். 2(8) பிரிவின்படி தரப்பினரின் உடன்பாடு என்பதில் அவர்கள் சுட்டிய விதிகளும் அடங்கும். துறைமுகத்தில் எங்கள் ஒப்பந்தங்கள் எல்லாமே இப்படித்தான். சென்னையில் நானி பால்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையம் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தின் ஆர்பிட்ரேஷன் மையமும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விதியின் எந்தப் பதிப்பு? சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன் மைய விதிகளின் ஏழாம் பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு எது பொருந்தும்? ஐ.நா.வின் அன்சிட்ரால் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. 2010 ஆகஸ்ட் 15க்குப் பின் செய்த உடன்படிக்கை என்றால், குறிப்பிட்ட பதிப்பைத் தரப்பினர் எழுதாதவரை, நடவடிக்கை தொடங்கும் நாளில் உள்ள விதிகளே பொருந்தும் என்று கொள்ள வேண்டும். அண்ணாச்சி கேட்கிறபடி விதிகளை அச்சடித்து இணைத்தால், பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொள்வோம்.

பணகுடி குத்தகைதாரர்:
தம்பி, நான் பேசுவது வேறு, நீங்கள் பேசுவது வேறு. ஒரு மையத்தின் விதி யாருக்கும் சொந்தமில்லை. எனக்கும் எதிரிக்கும் ஒரே விதி, வெளிப்படையாகக் கிடைக்கும். எனக்குத் தந்தது எதிரியே எழுதிய நிபந்தனை. அவர் நினைத்தால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அடுத்தவர் எழுதியதைச் சுட்டினால் தேதியாவது போடட்டும்: இன்ன தேதியிட்ட பொது நிபந்தனைகள், இத்தனையாவது பதிப்பு, இன்ன ஷரத்தில் ஆர்பிட்ரேஷன்.

பாளை வழக்குரைஞர்:
இதில் நான் உங்கள் பக்கம். எதிர்த்தரப்பின் படிவத்தையும் பொது மையத்தின் விதியையும் சட்டமும் வேறாகத்தான் பார்க்க வேண்டும். ஐநாக்ஸ் தீர்ப்பு அந்த வேறுபாட்டைக் கலைத்துவிட்டது என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்தில் வலுவான பிடி வேறொன்று இருக்கிறது. நிர்வாக இயக்குநர் நடுவரை நியமிப்பார் என்பது நிற்காது. 2019இல் பெர்கின்ஸ் வழக்கில், முடிவில் அக்கறை உள்ளவர் தானாக ஒரே நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அரசு ஒப்பந்தங்களில் ஒருதலை நியமனம் செல்லாது என்றது. அதனால் இப்போது அவர்கள் "இன்னாரை நியமிக்கிறோம், சம்மதக் கையெழுத்திடுங்கள்" என்று ஏதாவது அனுப்பினால் தொடாதீர்கள். ஒரு தரப்போடு தொடர்புள்ளவர் நடுவராகக் கூடாது என்ற 12(5) பிரிவின் பாதுகாப்பைத் தகராறு வந்த பிறகு எழுத்தில் விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது போகும். அந்தக் கையெழுத்தைத்தான் வாங்கப் பார்ப்பார்கள்.

உண்மையான தலைவலி மும்பை. ஷரத்து கட்டும் என்றாகிவிட்டால், வேறு நடுவரைக் கேட்டு 11ஆம் பிரிவில் மனுப் போடக்கூட மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இடத்தை எழுதிவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2017இல் டேட்டாவிண்ட் வழக்கில் முடிவாகிவிட்டது. வேலை பணகுடியில் நடந்தது என்பது அங்கே எடுபடாது. ஷரத்தில் நடுவர் யார் என்று எல்லாரும் பார்க்கிறார்கள், ஊர்ப் பெயரை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

பேட்டை கணக்காளர்:
செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு மாதிரிக் கட்டணம் தருகிறது. 5 லட்சம் வரை 45,000 ரூபாய். அதற்கு மேல் 20 லட்சம் வரை, கூடுதல் தொகையில் 3.5 சதவீதம். 12 லட்சத்துக்கு 69,500 வரும். ஒரே நடுவர் என்றால் 25 சதவீதம் சேர்த்து 86,875. மூன்று நடுவர் என்று அம்பை அண்ணாச்சி எழுதினால் ஆளுக்கு 69,500. இதற்குமேல் வழக்கறிஞர் கட்டணம், பயணம், தங்கல். சிறு ஒப்பந்தத்துக்கு மூன்று பேர் என்று எழுதுவது பணத்தை ஆற்றில் கொட்டுவது.

அம்பை அண்ணாச்சி குறுந்தொழில் அல்லது சிறுதொழிலாகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில், இத்தகைய தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகலாம். நடுவர் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி.

பாளை வழக்குரைஞர்:
சரக்கு விற்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் அடித்தளம் போடுவது போன்ற கட்டுமானக் குத்தகைக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறுபட்டுத் தீர்ப்பளித்திருக்கின்றன. பணகுடி அண்ணாச்சி அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பணகுடி குத்தகைதாரர்:
இந்த 12 லட்சத்துக்கு, நடுவர் நடவடிக்கையைத் தொடங்கும் 21ஆம் பிரிவு நோட்டீஸை முதலில் அனுப்புகிறேன், ஷரத்தையே மறுக்கும் உரிமையை வைத்துக்கொண்டு. அடுத்த பணி ஆணைக்கு என் பக்கத்திலிருந்து போகப் போகும் வாசகம் இது:

"இந்த ஒப்பந்தத்திலிருந்து எழும் எல்லாத் தகராறுகளும் ஒரே நடுவரால் தீர்க்கப்படும். இரு தரப்பும் சேர்ந்து நடுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 நாளில் உடன்பாடு வராவிட்டால் சட்டப்படி நியமனம். நடுவர் விசாரணையின் இடம் பாளையங்கோட்டை. மொழி தமிழ். காற்றின் வேகத்தால் கிரேன் நின்ற நாட்களுக்கு, தளத்தில் உள்ள காற்றுமானியின் பதிவே சான்று. அன்றன்றைக்கு இரு தரப்பு மேற்பார்வையாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். பொது நிபந்தனைகள் இதற்கு முரணாக இருந்தால் இந்த ஷரத்தே செல்லும்."

மொழியை நாமே தேர்ந்துகொள்ள 22ஆம் பிரிவு இடம் தருகிறது. என் மேற்பார்வையாளர் அவருக்குத் தெரிந்த மொழியில் சாட்சி சொல்லட்டும்.

தூத்துக்குடி சரக்கு முகவர்:
அண்ணாச்சி, இதில் எந்த விதியையும் சுட்டவில்லையே. 19ஆம் பிரிவின்படி நடைமுறை முழுவதும் நடுவர் விருப்பத்துக்கு விட்டதாகிவிடும்.

பணகுடி குத்தகைதாரர்:
பொதுவான நடுவர் என்றால் அவர் விருப்பத்துக்கு விடுவதில் எனக்கு அச்சமில்லை தம்பி. அச்சம் எல்லாம் எதிரி எழுதிய விதியில்தான்.

பாளை வழக்குரைஞர்:
கடைசி வரியை வாசகத்தின் முதலில் கொண்டுவாருங்கள். முத்திரை விழாத இடத்தில், அவர்களுடைய கையெழுத்தும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மும்பையை விட மாட்டார்கள் என்றால் மதுரை என்று கேட்டுப் பாருங்கள். எதையும் மாற்ற மாட்டோம் என்றால், அந்தப் பயணச் செலவையும் சேர்த்து விலையை எழுதி அனுப்புங்கள்.