நெத்தி லைட்டு வாங்கணும்: அகலமா பரவுற வெளிச்சம், பாக்கெட்ல அடங்கற சைஸ். எதை எடுக்கலாம்?

வரப்பு மேட்டுக்காரன் (குடியாத்தம் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். நெத்தியில கட்டுற லைட்டு ஒண்ணு புதுசா வாங்கணும், யோசனை சொல்லுங்க.

இப்ப இருக்கறது சந்தையில வாங்கின பெரிய ரகம். முன்னாடி ஆழமான ரிஃப்ளெக்டர், பின்மண்டையில பேட்டரி டப்பா. ஏரிக்கரைக்கு அந்தாண்ட இருக்கற பனைமரம் பளிச்சுன்னு தெரியுது, என் கால் கட்டைவிரல் தெரியல. நடுவுல ஒரு வெள்ளை வட்டம், அதை விட்டா சுத்தி இருட்டு. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து குனிஞ்சா அந்த வட்டம் தகரத்துல பட்டு என் கண்ணுக்கே திரும்பி வருது. வெளிச்சத்தைக் குறைக்கலாம்னு பட்டனை அமுக்கினா அடுத்தது பாதி, அதுக்கடுத்தது மினுக்கு மினுக்குன்னு வெட்டுது. டென்ட்டுக்குள்ள அது வெட்டினா பக்கத்துல படுத்திருக்கறவன் எழுந்து உட்கார்ந்து திட்டறான்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கு. டைப் சி சார்ஜிங்தான். கூட வந்த குட்டி ஒயர்ல சார்ஜ் ஏறுது. போன் சார்ஜர் ஒயர்ல (ரெண்டு முனையும் சி) போட்டா செத்த மாதிரி கிடக்குது. லைட்டு கெட்டுப்போச்சா?

எனக்கு வேலை இதுதான்: ராத்திரி மும்முனை கரண்ட் வந்தா வரப்புல போய் மோட்டார் போடணும். வீட்டுல கரண்ட் போனா உபயோகம் ஆகணும். கூட்டாளிங்களோட ஏலகிரி, ஜமுனாமரத்தூர் பக்கம் டென்ட் போட்டுத் தங்கும்போது சமைக்க, சாமான் தேட வேணும். பருவதமலையும் ஒரு தடவை ஏறணும்னு ஆசை. கண்ணாடி போட்டவன். பட்ஜெட் 3,000 ரூபா, கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் பரவாயில்ல.

பாலாத்து மணல்:

இன்னாபா, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி கையில கீறதை சரி பண்ணிப் பாரேன். ஸ்டேஷனரி கடையில மங்கலா ஒரு டேப் விப்பான், மேல பேனாவால எழுதினா பிடிக்கும். கண்ணாடி பளபளப்பு டேப் இல்ல, அந்த மங்கல் டேப்பு. லைட்டு முகப்புக் கண்ணாடி மேல ஒரு பூச்சு ஒட்டு. வட்டம் கரைஞ்சு வெளிச்சம் பரவிடும். பத்து ரூபா செலவு. ஃபுல்லுல ரொம்ப நேரம் எரிய விடாத, பசை இளகி வழியும்.

ஸ்டார் டெல்டா (சத்துவாச்சாரி):

லைட்டு கெடல சார். ரெண்டு முனையும் சி இருக்கற ஒயர்ல, எதிர்ல ஒரு சாதனம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் சார்ஜர் கரண்ட்டே விடும். அதைத் தெரிவிக்க லைட்டுக்குள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வைக்கணும். சில பைசா சமாச்சாரம், மலிவு ரகத்துல அதையும் மிச்சம் பிடிச்சிடறாங்க. பழைய சதுர முனை சார்ஜர்ல 5 வோல்ட் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும், அதனால அந்த ஒயர்ல ஏறுது. பழைய போன் சார்ஜர் ஒண்ணை இதுக்குன்னு ஒதுக்கிடுங்க. புதுசு வாங்கும்போது ‘சி டு சி’ ஏறுமான்னு கேட்டு வாங்குங்க.

அப்புறம், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி மெயினை இறக்கிடுங்க. லைட்டு நல்லா இருந்தா தைரியம் தானா வந்துடும், அதுக்காகச் சொல்றேன். அடியில காந்தம் இருக்கற சின்ன எல் வடிவ லைட்டு எடுத்தா பெட்டிக் கதவுலயே ஒட்ட வச்சுட்டு வேலை பாக்கலாம். நெத்தியில கட்டறதை விட எனக்கு அதுதான் அதிகம் உதவுது.

மலைக்காத்து (வாணியம்பாடி):

தம்பி, லூமென் எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. லூமென்ங்கறது விளக்கிலிருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சம். அது குவிஞ்சு வருதா பரவி வருதான்னு சொல்றது கேண்டலா. பெட்டியில கேண்டலா போடலேன்னாலும் தூரம் போட்டிருப்பான். அந்தத் தூரத்தைப் பாதியாக்கி, வர்ற எண்ணை அதே எண்ணால பெருக்குங்க. 200 மீட்டர்னா 100 பெருக்கல் 100, பத்தாயிரம் கேண்டலா. 70 மீட்டர்னா 35 பெருக்கல் 35, 1,225தான். ரெண்டு பெட்டியிலயும் 500 லூமென்னு போட்டிருந்தா உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. குறைஞ்ச தூரம்னு கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், கண்டுக்காதீங்க. அந்தத் தூரக் கணக்கே முழு நிலா வெளிச்சத்தளவு, கால் லக்ஸ், போய் விழற இடம் வரைக்கும்தான். அதனால பெட்டியில போட்ட தூரத்துல பாம்பைப் பார்த்துடலாம்னு நினைக்க வேண்டாம்.

அடுத்தது முகப்பு. வழவழப்பான ஆழக் குழி ரிஃப்ளெக்டர் வேண்டாம். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கற பிளாஸ்டிக் லென்ஸ், இல்லேன்னா பனி படிஞ்ச மாதிரி மங்கல் கண்ணாடி, இந்த ரெண்டும்தான் ஒரே சீராப் பரப்பும். ஸ்கில்ஹன்ட் எச்04எஃப் அப்படிப்பட்டது, 18650 செல் (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் இருக்கற லித்தியம் ரீசார்ஜ் பேட்டரி) போடலாம். இன்னும் சின்னதா வேணும்னா சோஃபிர்ன் எச்எஸ்10, அதுக்குச் செல்லு 16340, அடியில காந்தம். ரொம்ப லேசா வேணும்னா நைட்கோர் என்யூ25, பட்டையோட சேர்த்தே 60 கிராமுக்குள்ளதான். ஆனா அதுல பேட்டரி உள்ளேயே அடைச்சிருக்கும், மாத்த முடியாது. பெட்ஸில் டிக்கா மூணு ஏஏஏ பேட்டரியில ஓடும், அந்த பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குது, நீங்களே பார்த்துக்கங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் குறைஞ்ச வெளிச்சம். டென்ட்டுக்குள்ள 5 லூமென் தாராளம். சமைக்க 30, நடக்க 100. நான் பசங்களைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறவ. ஆயிரம் லூமென் வச்சிருக்கறவன் அதைப் போடறது அடுத்தவன் மூஞ்சியில மட்டும்தான். கடைசியா எதுல அணைச்சீங்களோ அதுலயே மறுபடி எரியணும், மினுக்கற மோடு நேர் வரிசையில வரக்கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கேளுங்க.

ஏலகிரியில மார்கழிப் பனியில ஒண்ணு கவனிங்க. பரவுற லைட்டை நெத்தியில கட்டினா கண்ணுக்கு முன்னாடி வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கும் கண்ணும் ஒரே உயரத்துல இருக்கறதால பனித்துளியில பட்ட வெளிச்சம் நேரா கண்ணுக்கே திரும்பிடுது. கழட்டி இடுப்புல மாட்டிக்குங்க, பாதை தெரிஞ்சிடும். கண்ணாடி போட்டவங்களுக்கு மூச்சுக்காத்துல லென்ஸ் வேற மூடிக்கும், அதுக்கும் இதுவே வழி.

வரப்பு மேட்டுக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா. பெட்டியில இருக்கற தூரத்தை வச்சே கண்டுபிடிக்கலாம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. சார்ஜர் விஷயமும் சரியாப் போச்சு சார், பழைய சார்ஜர்ல ஏறுது.

ரெண்டு சந்தேகம். வரப்புல எங்க ஊர்ப் பக்கம் கண்ணாடி விரியன் ஜாஸ்தி. பரவுற வெளிச்சம் அதுக்குப் போதுமா? ரெண்டாவது, 16340 சின்னதா அழகா இருக்கு. ராத்திரி பூரா தாங்குமா?

கரும்புக்காட்டு பெரியவர் (ஆற்காடு):

தம்பி, நானும் ராத்தண்ணி கட்டறவன்தான். வரப்புக்கு நெத்தி லைட்டு மட்டும் போதாது. கண்ணுக்கு மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தா நிழலே தெரியாது. பள்ளம், கல்லு, சுருண்டு கிடக்கறது எல்லாம் தட்டையா ஒண்ணாத் தெரியும். கையில ஒரு சின்ன டார்ச்சை முட்டி உயரத்துக்குப் பிடி, ஒவ்வொண்ணுக்கும் நிழல் நீளமா விழும். நெத்தியில இருக்கறது வேலைக்கு, கையில இருக்கறது வழிக்கு. முட்டி வரைக்கும் பூட்ஸ், ஒரு கழி, தட்டித் தட்டி நட. இதுங்களுக்கு அப்புறம்தான் லைட்டு.

நிறமும் பாரு. நீலம் பாஞ்ச வெள்ளையில செம்மண்ணும் சருகும் விரியனும் ஒரே சாம்பலாத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் கலந்தது எடு, பெட்டியில நிறத்துக்கு 4000கே, 5000கேன்னு (கெல்வின்) போட்டிருப்பான். 6500 வேண்டாம். நிறம் சரியாக் காட்டற அளவுக்கு சிஆர்ஐன்னு ஒரு நம்பர் உண்டாம், 90க்கு மேல இருந்தா நல்லதுன்னு என் பேரன் சொல்றான். போட்டுப் பார்த்தேன், உண்மைதான்.

இன்னொண்ணு. ஜவ்வாது மலையோ அமிர்தியோ, காட்டோரமா ராத்திரியில நெத்தி லைட்டைக் கட்டிக்கிட்டுச் சும்மா சுத்தாத. மொசல் வேட்டைக்காரங்க கட்டறது இதே லைட்டுதான். தூரத்துல ஒளி ஆடினாலே வனத்துறை வாட்சர் பைக்கை நிறுத்திடுவார். காப்புக்காட்டுல அனுமதியில்லாம டென்ட் போடவும் கூடாது, தெரியுமில்ல?

மலைக்காத்து (வாணியம்பாடி):

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. பருவதமலைக்கும் அதேதான், ராத்திரி ஏற விடறாங்களான்னு வனத்துறைகிட்ட முதல்ல கேட்டுக்கங்க. விட்டாங்கன்னா, கடப்பாரைப் படிகிட்ட ரெண்டு கையும் சங்கிலியில இருக்கும், அங்க கை டார்ச் எடுபடாது. நெத்தி லைட்டை நல்லா கீழ சாய்ச்சு வச்சுக்கங்க. மேல ஏறறவர் திரும்பிப் பார்த்தா கீழ இருக்கறவங்களுக்குக் கண்ணு கூசக் கூடாது.

ஸ்டார் டெல்டா (சத்துவாச்சாரி):

பேட்டரிக் கணக்கு நான் போடறேன். 16340ங்கறது சுமார் 700 எம்ஏஎச் (செல்லு பிடிக்கற சார்ஜ் அளவு), 3.6 வோல்ட்டால பெருக்கினா இரண்டரை வாட் மணி. எல்இடிக்கு வாட்டுக்கு 100 லூமென்னு வச்சுக்குவோம். 50 லூமென்ல அரை வாட் தின்னும், அஞ்சு மணி நேரம் வரும். 18650ல நல்ல செல்லு 3000 எம்ஏஎச், கிட்டத்தட்ட 11 வாட் மணி, அதே வெளிச்சத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல. ரெண்டுலயும் சர்க்யூட் நஷ்டம் கொஞ்சம் கழிச்சுக்கங்க. கரண்ட் போன வீட்டுக்கு 16340 போதும். ராத்தண்ணிக்கும் மலைக்கும் 18650 எடுங்க, சைஸ் ஒரு சுண்டுவிரல்தான் கூடும்.

பெட்டியில ‘இத்தனை மணி நேரம்’னு போடறதை நம்பி இறங்காதீங்க. தர முறைப்படி, ஆரம்ப வெளிச்சத்துல பத்துல ஒரு பங்காக் குறையற வரைக்கும் கணக்குல சேர்த்துக்கலாம். கடைசி மணியில மின்மினிதான் எரியும்.

9900 எம்ஏஎச்னு எழுதின 18650 செல்லு எங்க பார்த்தாலும் வாங்காதீங்க. பேர் பெற்ற கம்பெனிங்களே 3500, மிஞ்சினா 4000 கிட்டதான் தர்றாங்க.

இருட்டு ரசிகன்:

சிவப்பு லைட்டைப் பத்தி யாரும் சொல்லல. ஆலங்காயம், காவலூர் பக்கம் வானம் பார்க்கப் போறதா இருந்தா கட்டாயம் வேணும். அந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அங்க வச்சதே வானம் அவ்வளவு இருட்டா இருக்கறதாலதான். கண்ணு இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் அடிச்சா எல்லாம் போச்சு. மங்கல் சிவப்புன்னா அந்தச் சேதம் குறைச்சல். மழைக்கு அப்புறம் ஈசல் மூஞ்சியில மொய்க்கறதும் சிவப்புல கம்மி.

பாலாத்து மணல்:

ஈசலைத் துரத்திட்டு இன்னாபா சாப்பிடுவ?

வரப்பு மேட்டுக்காரன்:

ஹாஹா. சரி, முடிவு பண்ணிட்டேன். எச்04எஃப், 18650 செல்லோட. வரப்புக்குக் கையில டார்ச், பெரியவர் சொன்னபடி. சிவப்பு அதுல இல்லேன்னா பரவாயில்ல, நான் வானம் பார்க்கறவன் இல்ல. கடைசியா ஒண்ணு: நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல லித்தியம் செல்லை எப்படி வச்சுக்கறது?

ஸ்டார் டெல்டா (சத்துவாச்சாரி):

பைக் டேங்க் பையிலயும் கார் டேஷ்போர்டுலயும் வைக்காதீங்க. வெளிய 42 டிகிரின்னா மூடின காருக்குள்ள அதை விட ரொம்ப அதிகம் இருக்கும். சார்ஜ் போடறது 45 டிகிரிக்குக் கீழ இருக்கணும், அதனால மொட்டைமாடி ரூம்ல மத்தியானம் போடாம ராத்திரி கீழ போடுங்க. மாசக்கணக்குல எடுக்கப் போறதில்லேன்னா பாதி சார்ஜ்ல வையுங்க. பையில போடும்போது பின்மூடியைக் கால் திருகு தளர்த்திடுங்க. பட்டன் தானா அமுங்கி ஃபுல்லுல எரிஞ்சா துணி கருகற அளவுக்குச் சூடாகும்.

மலைக்காத்து (வாணியம்பாடி):

பட்டையைக் கழட்டி அப்பப்ப சோப்புத் தண்ணியில அலசிடுங்க தம்பி. நம்ம ஊர் வேர்வைக்கு உப்பு ஏறி எலாஸ்டிக் விட்டுப்போச்சுன்னா லைட்டு நெத்தியிலிருந்து மூக்குக்கு இறங்கிடும்.