மஞ்சள் பொடி ரெடி, ஹைட்ரஜனைத்தான் காணோம்

மஞ்சள்பொடி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு, ஒளியைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கியான கார்பன் நைட்ரைடு செய்கிறேன். மெலமைனை மூடி போட்ட குரூசிபிளில் 550 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் நல்ல மஞ்சள் பொடி வருகிறது, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. சோதனையில் அதற்குரிய 27.4 டிகிரி பீக்கும் இருக்கிறது. ஆனால் தண்ணீரும், வினையில் தானே ஆக்சிஜனேற்றமாகித் தீர்ந்துபோகும் ட்ரைஎத்தனாலமினும் கலந்து, ஆர்கான் ஓட்டி, விளக்கைப் போட்டு 3 மணி நேரம் காத்துக் கிடந்தும், வாயுக்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் ஹைட்ரஜன் பீக் எழவே மாட்டேன் என்கிறது. பேண்ட் கேப் (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 2.7 எலக்ட்ரான் வோல்ட். கந்தகம் டோப் செய்து (சிறிதளவு கலந்து) இன்னும் நிறம் ஏற்றி, அதிக ஒளியை எடுக்க வைத்தால் சரியாகுமா?

இரவுஷிப்ட்:
எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் ஆக்க உதவும் பிளாட்டினம் போட்டீர்களா? அதைப் பற்றிப் பேச்சே காணோம். 2009இல் இந்தப் பொருளில் ஹைட்ரஜன் வருகிறது என்று காட்டியவர்களுக்கே வெறும் பொடியில் கிடைத்தது சொற்பம்தான், 3 சதவீதம் பிளாட்டினம் ஏற்றிய பிறகுதான் சொல்லிக்கொள்ளும்படி வந்தது. குளோரோபிளாட்டினிக் அமிலத்தை அதே கரைசலில் விட்டு விளக்கைப் போடுங்கள், பொடி சாம்பல் பூத்தால் பிளாட்டினம் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளைப்பொடி:
நிறத்தின் பின்னால் இப்போதே ஓடாதீர்கள். ஒளி உள்ளே போனாலும், அது கிளப்பிவிடும் எலக்ட்ரானும் அந்த எலக்ட்ரான் விட்டுப்போன துளையும் மேற்பரப்புக்கு வருமுன்பே மறுபடி சேர்ந்துவிட்டால் என்ன பயன்? டோப்பிங் சில சமயம் அவை சேருவதற்கு இன்னும் இடம் போட்டுக் கொடுக்கும். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டைப் பாருங்கள், வெள்ளைப் பொடி, புற ஊதா மட்டும்தான் எடுக்கும். அதில் அலுமினியம் சேர்த்துக் குறைகளைக் குறைத்து, படிகத்தின் ஒரு முகத்தில் ரோடியம்-குரோமியம், இன்னொரு முகத்தில் கோபால்ட் என்று பிரித்து ஏற்றி, 2020இல் ஜப்பானின் டோமென் குழு 350 நானோமீட்டர் பக்கம் சுமார் 96 சதவீதக் குவாண்டம் திறன் (விழுந்த ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்டவற்றின் பங்கு) எடுத்தது. அதுவும் ட்ரைஎத்தனாலமின் மாதிரி பலிகடா இல்லாமல், வெறும் தண்ணீரில்! (அதே வகைப் பொருளை 100 சதுர மீட்டருக்கு வெயிலில் விரித்தபோது சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 0.76 சதவீதம்தான் ஹைட்ரஜனானது, வெயிலில் புற ஊதா அவ்வளவு குறைச்சல். அதனால் நிறமும் வேண்டும், ஆனால் அது அப்புறம்.)

மஞ்சள்பொடி:
பிளாட்டினம் போட்டேன், அரை மணியில் சாம்பலாகி, பீக் வந்துவிட்டது! யூரியாவிலும் செய்து பார்த்தேன், அது இன்னும் அதிகம் தருகிறது, ஆனால் 10 கிராம் போட்டால் அரை கிராம் தேறுவதே பெரிது, லேப் முழுக்க அம்மோனியா வாடை வேறு. ஒன்று மட்டும் புரியவில்லை, ஹைட்ரஜனுக்குப் பின்னால் நைட்ரஜன் பீக்கும் வளர்ந்துகொண்டே போகிறது.

இரவுஷிப்ட்:
காற்று நுழைகிறது. ஒரே செப்டத்தில் (வாயு எடுக்க ஊசி குத்தும் ரப்பர் அடைப்பில்) எத்தனை முறை ஊசி குத்தினீர்கள்? முதலில் அதை மாற்றுங்கள்.