மழை ஈரத்தில் நீர்வண்ணத் தாளை இழுத்து ஒட்டுவது எப்படி?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துப் பழைய லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை), இடிப்பதற்குள் நீர்வண்ணத்தில் வரைந்துவிட வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளை ஊறவைத்து, பிளைவுட் பலகையில் விரித்து, நாலு ஓரமும், நனைத்தால் ஒட்டும் பசைத்தாள் டேப் ஒட்டுகிறேன். காயும்போது தாள் சுருங்கி இறுகினால்தான், அப்புறம் வானத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டாலும் அலை அலையாக எழும்பாது. ஆனால் இங்கே சாயங்கால மழை ஈரத்தில் டேப் சரியாகப் பிடிப்பதற்குள் தாள் இழுக்க ஆரம்பித்து, ஒரு மூலை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஓரத்தில் ஸ்டேப்ளரும் அடிக்கலாமா? காத்தாடிக்குக் கீழே வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்துவிடுமா? 640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்த வேலையே வேண்டாம்தான், விலை கட்டுப்படியாகாது. இதே ஈரத்தில் வரைகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.